மிச்சம்

இந்த ஊரின் பெயர் மிச்சம்.
லண்டனின் தெற்கு ஓரம்.
தமிழில் எழுதினால் மட்டும்
மீந்துபோன ஊர்.

ட்ராம் பாதைக்கு இந்தப் பக்கம்
ஆறு பம்புகள், ஒரு கடை.
பத்து மணிக்குப் பிறகு கதவைப் பூட்டிவிட்டு
கண்ணாடி யன்னலுக்குள் நான்.

புதுப் பெற்றோல் கார் விற்பனைக்கு
முதலில் நாற்பதாம் ஆண்டு வரை என்றார்கள்,
பிறகு முப்பத்தைந்து,
பிறகு முப்பது,
திரும்பவும் முப்பத்தைந்து,
இப்போது மறுபடி முப்பது.
விலைப்பலகையில் இலக்கம் மாற்றிப் பழகியவள் நான்.
மாறட்டும்.

"பழைய கார் ஓடும்தானே, பிள்ளை,
இன்னும் பதினைஞ்சு வருசத்துக்குச் சோறு இருக்கு"
என்கிறார் முதலாளி குகனேசன்.
மினிகாப் டெஸ்மண்ட்
கடைசி டீசலை வாங்கிச் சாகும்வரை வைத்திருப்பானாம்.
கராஜ்காரனின் பொங்கல் வாழ்த்தில்கூட
இதைப் பற்றி ஒரு வரி.

தடை என்ற சொல்லை
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
தொண்ணூறில் அது யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது
பெற்றோல், பற்றறி, சவர்க்காரம், மெழுகுதிரி
எல்லாம் ஒரே பட்டியல்.
மருந்துக் குப்பியில் பெற்றோல் விற்றார்கள்.
ஊசியால் இரண்டு துளி கார்பரேற்றருக்குள் விட்டு
முன்னால் இரும்புக் கம்பியைப் போட்டுச் சுற்றினால்
உறுமும்.
உறுமினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.
அந்தப் புகையில்
பின்னால் சைக்கிளில் வருகிறவன்
நம் ஏழு தலைமுறையையும் திட்டுவான்.

அக்காவுக்கு நோ கண்ட இரவு
வாடகைக்கு வந்தது ஒரு ஏ ஃபோட்டி.
பேர்மிங்ஹாம் பக்கம் செய்த இரும்பு.
இரண்டு துளி. அசையவில்லை.
இன்னும் இரண்டு.
குப்பியைக் கவிழ்த்துத் தட்டினோம்.
அடியில் ஒட்டியிருந்த மணத்திலேதான்
அது கிளம்பியதென்று
இன்றும் சத்தியம் பண்ணுவேன்.
அன்று பிறந்தவன் ரொறன்ரோவில் இருக்கிறான்.
முப்பத்துமூன்று வயது.
லைசென்ஸ் எடுக்கவில்லை.

"ரெண்டையும் ஒரே சொல்லால சொல்லாதீங்கோ, அம்மா"
என்பாள் மகள் ஆரணி.
அவள் பள்ளிப் பையில் நீல இன்ஹேலர்.
வேலை முடிந்து போனதும்
குளித்த பிறகுதான் அவளைத் தொடுவேன்.
டொக்டரிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

ஆறாவது பம்பைக் கழற்றி
மின்சாரம் ஏற்றும் கம்பம் நட்டார்கள்.
வீதியைக் கிண்டிக் கேபிள் இழுக்க ஆள் வராமல்
நான்கு மாதம் அது
தலையில் கறுப்புப் பையோடு
மழையில் நின்றது.

பையைக் கழற்றிய கிழமை,
இரவு இரண்டு மணிக்கு ஒருவன் வந்தான்.
பூட்டுத் திறக்கிற வேலையாம்.
நாற்பது நிமிடம் ஆகும் என்றது திரை.
ஏழு வருடத்தில் இந்த யன்னலுக்கு முன்னால்
நான்கு நிமிடத்துக்கு மேல் யாரும் நின்றதில்லை.
அவனுக்கும் நிற்கத் தெரியவில்லை.
கரிமூட்டைகளின் விலையை வாசித்தான்,
வாடிய பூங்கொத்துகளை எண்ணினான்,
தேநீர் வாங்கினான்.
பிறகு என் பேப்பரைக் காட்டிக் கேட்டான்:
இந்த எழுத்தில் இந்த ஊரை எப்படி எழுதுவாய்?

பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
ஏதும் அர்த்தம் உண்டா என்றான்.
சொன்னேன்.
சிரித்துத் தேநீரைச் சிந்தினான்.
எந்த வீட்டுப் பூட்டு கஷ்டம்,
எந்தத் தெருவில் கிழவர்கள்
சும்மா பேச்சுத்துணைக்கு அவனைக் கூப்பிடுகிறார்கள்,
எல்லாம் கதைத்தான்.
எண்பது வீதத்தில் வயரைப் பிடுங்கினான்.
மீதி வீட்டில், என்றான்.
சத்தமே இல்லாமல் போய்விட்டான்.
பிறேக் விளக்கு மட்டும் சந்தியில் ஒருமுறை.

விடியற்காலை.
அளவுமானி பழுது. தாங்கிக்குள் கோலை விட்டு
நனைந்த இடத்தில் விரல் வைத்து வாசிக்கிறேன்.
கணக்குக்குப் பதினொரு லீற்றர் குறைவு.
ஆவியானது, என்று எழுதி
கையெழுத்துப் போடுகிறேன்.
கை மணக்கிறது.